நாற்பது டன் தூண்டில்

சுங்கை பூலோவில் இருக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர் முகத்தில் ஒரு கணம் அனுதாபம் தெரியும். ஜெயிலிலா ஆஸ்பத்திரியிலா என்று கேட்க வாய் வரும், மரியாதைக்காக அடக்கிக்கொள்வார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. 1930-இல் தொழுநோயாளிகளுக்கென்று இங்கே ஒரு பெரிய குடியிருப்பை அமைத்தார்கள். பிறகு சிறைச்சாலை வந்தது. 2006-இல் பெரிய ஆஸ்பத்திரி வந்தது. கோவிட் காலத்தில் அதன் பெயரைக் கேட்டாலே நாடு ஒருமுறை கையைக் கழுவிக்கொண்டது. யாரையாவது கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்று அரசாங்கத்துக்குத் தோன்றும்போதெல்லாம் அதன் விரல் எங்கள் ஊர்ப் பக்கமே நீண்டிருக்கிறது.

ஊருக்கு விரும்பி வருகிறவர்கள் இரண்டே வகை. பூச்செடி வாங்க வருகிறவர்கள் ஒரு வகை; தொழுநோய்க் குடியிருப்பு மக்கள் வளர்த்தெடுத்த அந்த நர்சரித் தொழிலைத் தேடி கோலாலம்பூரிலிருந்து கார்கள் வந்துகொண்டே இருக்கும். இன்னொரு வகை, விடிவதற்குள் மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரேக்கும் முடித்துக்கொண்டு, கப்பச்சாய் மோட்டார் சைக்கிளில், முதுகில் நீளமான குழாயைக் கட்டிக்கொண்டு, எங்கே போகிறோம் என்று யாருக்கும் சொல்லாமல் போகிறவர்கள். மலாய்க்காரர்கள் இவர்களை "காக்கி பாஞ்சிங்" என்பார்கள். மீன்பிடிப் பைத்தியம். நான் இந்த இரண்டாவது வகை.

எங்கள் வட்டாரத்தில் மீன் பிடிக்கக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. ஈயம் தோண்டியவர்கள் விட்டுப்போன குளங்கள் ரவாங், குவாங், குண்டாங் என்று வழிநெடுகக் கிடக்கின்றன. 1985 அக்டோபரில் லண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரமே நின்றுபோய் விலை சரிந்தது. மலேசியாவில் லம்பம் என்னும் ஈயச் சுரங்கங்களை ஒன்றன்பின் ஒன்றாக மூடினார்கள். பம்பை நிறுத்தியதும் பள்ளங்களில் தண்ணீர் ஏறியது. கரையிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் ஆளை விழுங்கும் ஆழம். அதனால்தான் பல குளங்களின் ஓரத்தில் "பாஹாயா", அதாவது அபாயம், என்று சிவப்புப் பலகை நிற்கிறது. மனிதர்கள் பயந்து ஒதுங்கிய இந்தத் தண்ணீரில் யாரோ ஒரு புண்ணியவான் 1990-களில் தென்னமெரிக்க மீன் ஒன்றைக் கொண்டுவந்து விட்டார். பீக்காக் பாஸ். எங்கள் பாஷையில் பி.பி. தங்க நிற உடம்பு, கறுப்புப் பட்டைகள், வால் அடியில் மயில் தோகையில் இருப்பதுபோல ஒரு கண். அமேசானை விட இந்த ஊர் அதற்குப் பிடித்துப்போய்விட்டது. குடும்பம் குட்டியோடு பெருகிவிட்டது.

இதை நல்லது என்று சொல்ல முடியாது. பனாமாவில் 1967 வாக்கில் ஒரு தனியார் குளத்திலிருந்து இதே மீன் தப்பித்து காத்தூன் ஏரிக்குள் புகுந்தது. அங்கிருந்த உள்ளூர் மீன்கள் என்ன கதிக்கு ஆளாயின என்பதை 1973-இல் இரண்டு ஆய்வாளர்கள் "சயன்ஸ்" இதழில் எழுதினார்கள். ஏரியில் பெரும்பாலான சின்ன மீன் இனங்களைக் காணவே காணோம். ஆகவே பி.பி.யைப் பிடிப்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல, பொதுச் சேவையும்கூட. மீன் பிடிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லாமல், அந்நிய ஆக்கிரமிப்பு இனத்தை ஒடுக்கப் போகிறேன் என்று ஒரு சனிக்கிழமை சொல்லிப் பார்த்தேன். "அதுக்குச் சம்பளம் உண்டா?" என்று மனைவி கேட்டாள்.

சேவைக்கு ஆயுதம் வேண்டும். அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

பேர்தான் பாஸ். அமெரிக்கர்களும் ஜப்பானியர்களும் பாஸ் என்று சொல்லும் மீனுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது சிக்லிட் குடும்பம். அதாவது, பாசார் மாலாமில் ஐஸில் படுத்திருக்கும் திலாப்பியாவின் பங்காளி. ஆனால் கடையில் தொங்கும் ராடுகளெல்லாம் அந்த அசல் பாஸுக்காக ஒசாகாவிலும் அமெரிக்காவிலும் யாரோ இரவு பகலாக மூளையைக் கசக்கிச் செய்தவை. நாம் திலாப்பியாவின் பங்காளியைப் பிடிக்க ஜப்பான்காரனின் பாஸ் ராடை வாங்குகிறோம். ராடுக்கும் தெரியாது, மீனுக்கும் தெரியாது. விலை நமக்கு மட்டும் தெரியும்.

அசல் பாஸ்காரர்களின் வரலாற்றைப் பார்த்தாலும் ராட் வாங்கத் தைரியம் வராது. உலகச் சாதனை பாஸ் 1932 ஜூன் 2-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெரி பிடித்தது. பத்துக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. பஞ்ச காலம், அவருக்கும் உடன்போன நண்பருக்கும் சேர்த்துப் படகில் இருந்தது ஒரே ராட் என்பார்கள். எடை போட்டு எழுதிக்கொண்டதும் மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு சாப்பிட்டுவிட்டார். 77 வருஷம் அந்தச் சாதனையை யாராலும் எட்ட முடியவில்லை. 2009-இல் ஜப்பானின் பீவா ஏரியில் மானாபு குரீத்தா அதைச் சமன் செய்தார். உலகின் மிக நுட்பமான லூர்களை, அதாவது பொய் இரைகளை, செய்யும் நாட்டுக்காரர், அந்த மீனுக்குப் போட்டது உயிருள்ள ஒரு சின்ன மீனை. இதையெல்லாம் படித்த பிறகும் ஒருவன் 110 கிராம் ராடா 95 கிராம் ராடா என்று இரவு ஒரு மணிக்கு யோசித்துக்கொண்டு படுத்திருக்கிறான் என்றால் அவனுக்கு இரை வேறு எங்கோ போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆனாலும் மெல்லிய ராட் வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. எங்கள் குளத்து பி.பி. பெரும்பாலும் ஒரு கிலோவைச் சுற்றித்தான். பிரேசிலின் ரியோ நேக்ரோவில் பதின்மூன்று கிலோ பி.பி. பிடித்திருக்கிறார்கள், அது அந்த ஊர்ச் சாப்பாடு. நம் ஊர் பி.பி. துரத்துவது சுண்டுவிரல் அளவு மீன்குஞ்சை. ஆகவே நாம் வீச வேண்டியது மூன்று கிராமிலிருந்து ஏழு கிராம் வரையிலான ஸ்பூன் அல்லது குட்டிப் பொய்மீன். ராட் என்பது ஒரு வில். லூரின் எடைக்கு அது வளைந்தால்தான் லூர் பறக்கும். இருபது கிராம் லூருக்குச் செய்த ராடில் மூன்று கிராம் ஸ்பூனைக் கட்டி வீசினால் அது நம் காலடியிலேயே விழும். பக்கத்தில் நிற்பவர் நாகரிகமாக வேறு பக்கம் பார்ப்பார்.

இதில் பேய்ட்காஸ்டிங் என்பது இன்னொரு வீம்பு. சாதாரண ஸ்பின்னிங் மெசினில் சின்னப் பிள்ளைகூட லேசான லூரை வீசிவிடும். பேய்ட்காஸ்டிங்கில் மெசின் ராடின் தலைமேல் உட்காரும். நூல் சுற்றிய உருளையே சுழலும். லூர் வேகம் குறையும்போது கட்டைவிரலால் உருளையைத் தடவி நிறுத்தாவிட்டால், உருளை நூலைக் கக்கிக்கொண்டே இருக்கும், நூல் போக வழியில்லாமல் உள்ளேயே சிக்காகும். அந்தச் சிக்கை எடுக்கும்போது மனிதனின் குலப்பண்பு வெளியே வரும். ஆனால் பழகிவிட்டால், ஆகாயத்தாமரைக்கும் செத்த மரத்துக்கும் நடுவில் ஒரு தட்டு அளவு இடைவெளியில் லூரை இறக்கலாம். பி.பி. அந்த இடைவெளியில்தான் இருக்கும். லேசான லூரையும் இந்த மெசினில் வீச வேண்டும் என்று ஜப்பான்காரர்கள் அடம்பிடித்ததில் பி.எஃப்.எஸ். என்று ஒரு தனி வம்சமே பிறந்தது: ஆழமில்லாத லேசான உருளை, மெல்லிய ராட், கனத்த விலை.

ராட் தேர்வுக்கு ஒரு குழுவோடு போனேன். நான் கூப்பிடவில்லை, கேள்விப்பட்டு வந்தார்கள். ஒருவர் காப்பாரில் லாரி ஓட்டும் என் மச்சான். இன்னொருவர் என் சித்தப்பா. கித்தா ஆராய்ச்சிக் கழகத்தின் சுங்கை பூலோ தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இப்போது அந்த மண்ணில் குவாசா டாமான்சாரா என்று எம்.ஆர்.டி. ஸ்டேஷன் நிற்கிறது. ரயில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "இங்கதான்டா என் நெரை" என்று கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டுவார்.

கடைக்காரச் சீனர் எங்களைப் பார்த்ததும், "அண்ணே, மாவ் சாரி அப்பா?" என்றார், என்ன தேடுகிறீர்கள் என்று. லேசான, சென்சிட்டிவான பேய்ட்காஸ்டிங் ராட் என்றேன். அவர் பூவை எடுப்பதுபோல இரண்டு விரலால் ஒரு ராடை எடுத்து என் கையில் வைத்தார். 85 கிராம். "மாச்சாம் தாக் பேகாங் அப்பாப்பா," என்றார். கையில் ஒன்றுமே பிடிக்காதது மாதிரி இருக்கும் என்று பொருள். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். வாங்கினால் கையில் ஒன்றும் இருக்காதுதான்.

ராடின் அடித்தண்டில் எழுத்தும் எண்ணுமாக ஒரு சரம். சி66எம்.எல். என்றால் சி பேய்ட்காஸ்டிங், 66 என்பது ஆறடி ஆறங்குலம், அதாவது 198 சென்டிமீட்டர், எம்.எல். என்பது மீடியம் லைட், மிதமான மென்மை. சில ஜப்பான் ராடுகளில் முன்னால் 1 இருந்தால் பேய்ட்காஸ்டிங், 2 இருந்தால் ஸ்பின்னிங். கீழே எத்தனை கிராம் லூர், எத்தனை பவுண்டு நூல் என்று இன்னொரு வரி. நான் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது சித்தப்பா தலையை ஆட்டினார்.

"நம்பரு இருக்குல்ல, அப்ப நல்ல ஜாதிதான்."

"எப்படிச் சொல்றீங்க சித்தப்பா?"

"ஆர்.ஆர்.ஐ.எம். 600 தெரியுமா ஒனக்கு? உலகம் பூரா நட்டாங்க. பேரா வெச்சாங்க அதுக்கு? நம்பருதான்."

சுங்கை பூலோவில் ஆராய்ச்சி செய்து உருவாக்கிய கித்தா ரகத்தின் எண்ணை வைத்து அவர் ஜப்பான் ராடை ஏற்றுக்கொண்டார். எதிர்த்துப் பேச என்னிடம் ஒன்றுமில்லை. இன்றைக்கும் தாய்லாந்து முழுக்க அந்த 600 பால் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

மச்சானுக்கு வேறு பிரச்சினை. தண்டில் "40 டன் கார்பன்" என்று எழுதியிருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"மச்சான், நம்ம லாரியே அவ்ளோ ஏத்த மாட்டாங்களே. ஜே.பி.ஜே.காரன் புடிச்சா என்ன ஆவுறது?"

டன் என்பது இங்கே பாரம் அல்ல, கார்பன் நாரின் விறைப்பு. ஒரு சதுர மில்லிமீட்டர் நாரை இழுத்து நீட்ட எத்தனை டன் விசை வேண்டும் என்று கணக்குப் பண்ணி எழுதுகிறார்கள். 24 டன் சாதாரணம், 30 நடுத்தரம், 40 உயர்ந்தது. நார் விறைப்பாக இருந்தால் கொஞ்சமாக வைத்தாலே ராட் நிற்கும். அதனால் எடை குறையும். எடை குறைந்து விறைப்பு கூடினால் நுனியில் நடக்கும் அதிர்வு மங்காமல் கைக்கு வரும். இதுதான் சென்சிட்டிவ் என்பதன் சூட்சுமம். 1960-களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் விமான ஆராய்ச்சிக்காக உருவாக்கிய நார் இது. 1970-களின் முதல் பாதியிலேயே அமெரிக்காவில் ஃபென்விக் கம்பெனி இதை ராடாக்கி விற்றுவிட்டது. இன்று போயிங் 787-க்குக் கார்பன் கொடுக்கும் ஜப்பானின் தோரே நிறுவனத்து நாரில்தான் பல ராடுகளும் செய்கிறார்கள். ஆகாய விமானம் செய்யும் பொருளால் திலாப்பியாவின் பங்காளியை இழுக்கிறோம் என்று மச்சானுக்கு விளக்கினேன். "அப்ப விழுந்தா ஒடையாதா?" என்றார்.

சரியான கேள்வி. உடையும். டன் ஏற ஏற நார் விறைக்கும், கூடவே நொறுங்கும் குணமும் ஏறும். மீனைக் கரைக்கு ஏற்றும் உற்சாகத்தில் ராடைத் தலைக்குமேல் செங்குத்தாகத் தூக்கினால், வளைவு முழுவதும் நுனிப் பகுதியில் போய்ச் சேரும். "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு வாரண்டி கிடையாது. கார் கதவில் மாட்டினாலும் அப்படியே. கடையில் விறைப்பைச் சோதிக்கிறேன் என்று ராடை வீசிப் பார்க்கிறவர்கள் முதலில் மேலே மின்விசிறி சுழல்கிறதா என்று பார்த்துக்கொள்வது உத்தமம். இந்தக் கடையில் விசிறியை நிறுத்திய பிறகுதான் ராடையே கையில் கொடுப்பார்கள். அந்த வழக்கம் வந்த காரணத்தைக் கேட்டேன். கடைக்காரர் சுவரில் மாட்டியிருந்த ஒரு அரை ராடைக் காட்டினார்.

கடைசியில் மூன்று ராடுகள் மேசைக்கு வந்தன: 85 கிராம், 102 கிராம், 124 கிராம். மூன்றிலும் மெசின் பூட்டித் தரச் சொன்னேன். மெசின் இல்லாமல் ராடைத் தூக்கிப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. குளத்தில் யாரும் வெறும் ராடோடு நிற்பதில்லை. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். பால்மரம் வெட்டுகிறவர் கை அது. பட்டையைச் சீவும்போது உள்ளே ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் தோலை விட்டுவைக்க வேண்டும். அதைத் தாண்டினால் மரம் புண்ணாகிவிடும். விடியற்காலை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நெரை நெரையாக நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த ஒரு மில்லிமீட்டரைக் கையாலேயே உணர்ந்தவர். ஜப்பான்காரன் 40 டன் கார்பனில் தேடுவது அவர் மணிக்கட்டில் முப்பது வருஷமாக இருக்கிறது.

"இதுதான் கனமில்ல," என்று ஒன்றை எடுத்து வைத்தார்.

அது 124 கிராம் ராட். மூன்றில் அதிகக் கனமானது.

மச்சான் சிரித்தார். நான் வாங்கிப் பிடித்துப் பார்த்தேன். சித்தப்பா சொன்னது சரி. 85 கிராம் ராடில் அடிப்பிடியை அங்கங்கே செதுக்கி, கார்க்கைக் குறைத்து எடையை இறக்கியிருந்தார்கள். பின்னால் கனம் போனதால் நுனி நிலத்தைப் பார்த்துத் தொங்கியது. ராட் ஒரு நெம்புகோல். பிடியில் முப்பது கிராமைக் கூட்டினால் கை கண்டுகொள்ளாது. நுனியில் ஐந்து கிராமைக் கூட்டினால் மணிக்கட்டு அழும். அதனால்தான் நல்ல ராடுகளில் நுனி வளையங்களைச் சின்னதாகவும், டைட்டானியம் சட்டத்திலும் போடுகிறார்கள். 124 கிராம் ராடை மெசினுக்கு முன்னால் ஒரு விரலில் வைத்தால் மட்டமாக நின்றது. ஒரு காலையில் நூற்றுக்கணக்கான முறை வீசுகிற கைக்குத் தராசு சொல்லும் எடை வேறு, சமநிலை சொல்லும் எடை வேறு. கடைக்காரர்களுக்கு இது தெரியும். தராசு எடையைத்தான் பெரிதாக அச்சடிக்கிறார்கள். சமநிலையை அச்சடிக்க எழுத்து இல்லை.

ராட் எடை தீர்ந்தது. சென்சிட்டிவ் விஷயத்துக்கு வருவோம். இதைப் பற்றி பி.பி.யிடம் கேட்டால் அது சிரிக்கும். பி.பி. கண்ணால் வேட்டையாடும் பகல் மீன். குஞ்சுகளைக் காவல் காக்கும் நேரத்தில் பசி இல்லாவிட்டாலும் கோபத்திலேயே லூரை அடிக்கும். அந்த அடி தோள்பட்டை வரை வரும். கதவை உடைத்துக்கொண்டு வருகிற விருந்தாளிக்குக் காலிங்பெல் எதற்கு? தென்னை ஓலை மட்டையில் நூலைக் கட்டியிருந்தாலும் பி.பி. வந்தது தெரிந்துவிடும்.

உணர்திறன் தேவைப்படுவது பி.பி. அடிக்காத நேரத்தில். அதாவது பெரும்பாலான நேரத்தில். வெயில் ஏறியதும் மீன் ஆழத்துக்குப் போகும். ஸ்பூனை அடியில் இறக்கி, மெதுவாகத் தட்டித் தட்டி இழுக்க வேண்டும். அப்போது ஸ்பூன் ஆடுகிறதா என்பதே கைக்குத் தெரிய வேண்டும். கொக்கியில் ஒரு புல் மாட்டினால் ஆட்டம் நின்றுவிடும். ஆடாத ஸ்பூனை எந்த மீனும் தொடாது. அதை உடனே சொல்லும் ராட் நல்ல ராட். சில சமயம் ஸ்பூன் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போதே மீன் வாயில் வாங்கித் துப்பிவிடும். கையில் ஒரு "திக்" மட்டும் வரும். அந்தத் திக்கைப் பிடிக்கத்தான் இவ்வளவு கார்பனும்.

ஆனால் அந்தத் திக் ராடுக்கு வருவதற்கு முன் நூல் வழியாக வர வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சாதாரண நைலான் நூல் இழுத்தால் நீளும். நாற்பது மீட்டர் தூரத்தில் மீன் தொட்டால் பாதிச் செய்தியை நூலே விழுங்கிவிடும். பின்னிய பி.இ. நூல் ஏறக்குறைய நீளவே நீளாது. மேலே ஐந்நூறு வெள்ளி போட்டு ராட் மாற்றுவதை விட, சில பத்து வெள்ளிக்கு நூல் மாற்றினால் கைக்கு வரும் செய்தி அதிகம். நுனியில் ஒரு முழம் ஃபுளோரோகார்பன் தலைநூல் கட்டிக்கொள்ள வேண்டும். கல்லில் உரசினால் பின்னிய நூல் தாங்காது.

நல்ல ராடும் பின்னிய நூலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மீன் கிடைக்காத நாளை எங்கள் கூட்டத்தில் "கும்பாவ்" என்பார்கள். பழைய ராடில் கும்பாவ் என்றால் வெறும் கும்பாவ். வீட்டுக்குப் போய், "ஒண்ணும் கெடைக்கல," என்றால் முடிந்தது. புது ராடில் கும்பாவுக்கு விவரம் உண்டு. கரையிலிருந்து பதினைந்து மீட்டரில் மணல், அதற்கப்பால் சேறு, சேற்றில் ஒரு மரக்கட்டை, கட்டைக்கு இடப்புறம் டயர் மாதிரி ஒன்று, பிறகு சரளை மேடு, மேட்டைத் தாண்டி ஒரு பிளாஸ்டிக் பை. சிலாங்கூர் அரசாங்கம் கேட்டால் அந்தக் குளத்தின் அடித்தரைக்கு நான் வரைபடமே போட்டுத் தருவேன். இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் சொன்னபோது மனைவி பொறுமையாகக் கேட்டாள். "அந்த டயர் எந்த சைஸு?" என்றாள். நம் மைவி காருக்கு ஆகுமா என்பதற்காக.

இந்த உணர்திறனுக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. முதலாவது மேலிருந்து வருவது. கிள்ளான் பள்ளத்தாக்கு உலகத்திலேயே இடி மின்னல் அதிகமாக விழும் வட்டாரங்களில் ஒன்று. மதியம் மூன்று மணிக்கு மேகம் கறுக்கும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஈரக் கரையில், வெட்டவெளியில், ஆறரை அடிக் கார்பன் குச்சியை ஆகாயத்தை நோக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவன் உலகத்திலேயே மிக சென்சிட்டிவான தூண்டிலை வைத்திருக்கிறான். முதல் முழக்கம் கேட்டதுமே ராடைக் கீழே வைத்துவிட்டுக் காருக்குள் போய்விட வேண்டும். மின்கம்பிக்குக் கீழே நின்று வீசுவதும் கூடாது. இந்த ஒரு பத்தியில் மட்டும் நகைச்சுவை இல்லை.

இரண்டாவது ஆபத்து கீழிருந்து வருவது. தோமான். விராலின் பெரியண்ணன். பி.பி. இருக்கிற குளத்தில் தோமானும் இருக்கும். மூன்று கிராம் ஸ்பூனுக்கு அது ஆசைப்படாது என்று எந்தச் சட்டமும் இல்லை. பல்லால் தலைநூலை அறுக்கும். அறுக்காவிட்டால் கட்டைக்குள் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் மச்சான் முதலிலிருந்தே "ஹெவி" எடு, "ஹெவி" எடு என்று சொல்லிக்கொண்டிருந்தார். லாரிக்காரர்களுக்குப் பாரத்தில் எப்போதுமே கொஞ்சம் கூடுதல் வைத்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். ஆனால் எப்போதோ வருகிற தோமானுக்காக தினமும் தடியைச் சுமந்தால் பி.பி.க்கு லூரே போய்ச்சேராது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ராட் உண்டு: ஐந்து கிராமிலிருந்து பதினைந்து கிராம் வரை வீசக்கூடியது, நுனி இளகி, இடுப்பு உறுதியாக இருப்பது. தோமான் மாட்டினால் மெசினின் பிரேக்கைத் தளர்த்தி நூலைக் கொடுக்க வேண்டும், ராடைச் சாய்வாகப் பிடிக்க வேண்டும், குலதெய்வத்தைக் கும்பிட வேண்டும்.

கடைசியாக நீளம். ஒரே துண்டு ராட்தான் சென்சிட்டிவ், நடுவில் மூட்டு இருந்தால் அதிர்வு மங்கும் என்று சுத்த சைவர்கள் சொல்வார்கள். இன்றைய மூட்டுகளில் அந்த வித்தியாசம் கைக்குத் தெரிவது அரிது. ஒரே துண்டு ராட் மைவிக்குள் நுழைய வேண்டுமானால் முன் சீட்டின் தலையணையைத் தாண்டி, நுனி டாஷ்போர்டில் முட்டி நிற்கும். யார் கதவைச் சாத்துகிறார்கள் என்பதை ஒவ்வொரு தடவையும் கண்காணிக்க வேண்டும். எம்.ஆர்.டி.யில் கொண்டுவந்தால் வேறு விதம். மஞ்சள் துணி உறையில் ராடைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, எதிரே உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் காலை மடக்கி வழிவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டார்.

"பத்துமலைக்கா தம்பி? வேலு எந்தக் கோயிலுது?"

இல்லை அம்மா, ஆறடி ஆறங்குலம், மீடியம் லைட், 30 டன் என்று சொல்ல மனம் வரவில்லை. குனிந்து ஒரு கும்பிடு போட்டேன். அடுத்த ராட் இரண்டு துண்டு என்று அந்த ரயிலிலேயே முடிவானது.

இப்போது எங்கள் வட்டாரத்தில் யாராவது ராட் வாங்கப் போனால் என்னை அழைக்கிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான். மீன் எது, லூர் என்ன எடை, கரையில் செடி உண்டா, அடியில் கட்டை உண்டா, தண்ணீர் எவ்வளவு ஆழம், காலையிலா சாயங்காலமா என்பதெல்லாம் தெரிந்தால் ராடை ஐந்து நிமிஷத்தில் தேர்ந்தெடுத்துவிடலாம். இத்தனை கேள்விக்கும் ஒரே கேள்வியில் பதில் கிடைத்துவிடும்: எந்தக் குளம்?

அதைக் கேட்டதும் மனிதர்கள் முகம் மாறுகிறது. "அந்தப் பக்கம்ண்ணே," என்கிறார்கள். எந்தப் பக்கம் என்றால், "சிலாங்கூர்தான்," என்கிறார்கள். சொந்த அண்ணன் தம்பி ஒரே வீட்டிலிருந்து இரண்டு மோட்டாரில் கிளம்பி, இரண்டு திசையில் போய், அரைமணி கழித்து ஒரே குளக்கரையில் சந்தித்துக்கொண்டதும் உண்டு. கடைக்காரருக்கும் இதே கதை. முப்பது வருஷமாக ராட் விற்கிறார், ஒரு வாடிக்கையாளர்கூட அவரிடம் குளத்தின் பெயரைச் சொன்னதில்லை. பாவம், கண்ணைக் கட்டிக்கொண்டு விற்கிறார். நாமும் அப்படித்தான் வாங்குகிறோம். வீட்டுக்கு வீடு ஸ்டோர் ரூமில் தப்பான ராடுகள் சாய்ந்து நிற்பதற்குக் காரணம் கார்பனும் இல்லை, கம்பெனியும் இல்லை. வாய் திறக்காததுதான்.

என்னிடமும் அவர் கேட்டார். "அண்ணே, கோலாம் மானா?" என்றார், எந்தக் குளம் என்று. சுங்கை பூலோ பக்கம் என்றேன். அதற்குமேல் இந்தக் கட்டுரையிலும் சொல்வதாக இல்லை. ஆரம்பத்தில் குண்டாங் என்று பெயரே போட்டு எழுதியிருக்கிறீர்களே என்று கேட்பீர்கள். எழுதியிருக்கிறேன். நல்ல இடம். இந்தச் சனிக்கிழமை எல்லாரும் அங்கே போங்கள்.